டிக்கெட்டியல்: ஒரு சொல்லின் ஏறுமிடமும் இறங்குமிடமும்

1. பாயிரம்

தமிழ்நாட்டில் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கி, கடிகார வாருக்குள் செருகி, பாதி வழியில் எடுத்துச் சுருட்டிக் காது குடைந்து, இறங்கியதும் காற்றில் விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் டிக்கெட். தொல்காப்பியமோ நன்னூலோ இச்சொல்லைத் தொடவில்லை. அவை எழுந்த காலத்தில் பஸ் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். அவற்றுக்கு இன்று உரை எழுதுகிறவர்கள் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. இக்குறையைப் போக்கவே இந்த ஆராய்ச்சி.

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது மரபு. ஆகவே, வழி: பாரீசில் புறப்பட்டு லண்டன் மார்க்கமாகத் தாம்பரம். எல்லை: முதல் ஸ்டேஜ் தொடங்கிக் கடைசி ஸ்டேஜ் வரை. யாப்பு: நெருக்கம். நுதலிய பொருள்: டிக்கெட் என்னும் சொல்லும் அதில் தொங்கும் மனிதரும். கேட்போர்: சரியான சில்லறை உடையோர். பயன்: அடுத்த நிறுத்தம் வரும்வரை பொழுது போதல்.

இவ்வாராய்ச்சியின் கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறோம். டிக்கெட்டை மனிதர் வைத்திருப்பதாக உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. உண்மையில் டிக்கெட்தான் மனிதரை வைத்திருக்கிறது. இதனைச் சொல், இலக்கணம், வரலாறு ஆகிய மூன்றாலும் நிறுவுவோம்.

2. வேரியல்

இச்சொல்லின் மூதாதை பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘குத்து, செருகு, ஒட்டு’ என்ற பொருளில் வழங்கிய வினை. ஆங்கிலத்தின் ‘ஸ்டிக்’ அதன் நேர் வாரிசு. அவ்வினை பிரெஞ்சுக்காரர் நாட்டுக்குள் நுழைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ என்னும் ஒலியை அடுத்து இன்னொரு மெய் வந்தால் பழைய பிரெஞ்சு நாக்கு புரளாது. எனவே முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எஸ்திக்’ என்று தொடங்கினார்கள். இதைக் கேட்டுத் தமிழ் வாசகர் வியக்க மாட்டார். ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’, ‘இஸ்பீக்கர்’ என்று நம் பாட்டிமார் பேசியதும் இதே விதியால்தான். பாட்டி பேசியதை அறியாமை என்று பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அதையே பிரெஞ்சுக்காரர் செய்தபோது அது மொழி வரலாறு ஆயிற்று.

பின்னர் பிரெஞ்சுக்காரர் நடுவிலிருந்த ‘ஸ்’ஸை விழுங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ இருக்க, அங்கே ‘எக்கோல்’ ஆனது அவ்வாறே. ‘ஸ்டேட்’ இருக்க, ‘எத்தா’ ஆனதும் அவ்வாறே. நம் சொல்லும் ‘எத்திக்கெத்’ ஆனது. தூணிலோ பெட்டியிலோ ஒட்டி வைக்கும் குறிப்புச் சீட்டு என்பது அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதன் ஒரு வடிவத்தைக் கடன் வாங்கினர். வாங்கும்போது தலையிலிருந்த ‘எ’யைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கப்பலேற்றினர். அதுவே டிக்கெட்.

கதை அங்கே நிற்கவில்லை. சுமார் இருநூறு ஆண்டு கழித்து, 18ஆம் நூற்றாண்டில், அதே சொல்லை ஆங்கிலேயர் இரண்டாம் முறையும் கடன் வாங்கினர். இந்தத் தடவை முழுச் சொல்லாக, ‘எடிகெட்’ என்று. அரசவையில் யார் எங்கே நிற்பது, யார் எப்போது குனிவது என்ற ஒழுங்குமுறைக்கு அதற்குள் அந்தப் பெயர் பரவியிருந்தது. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துப் புல்லைப் பிரபுக்கள் மிதிக்காதிருக்கத் தோட்டக்காரர் ஆங்காங்கே எத்திக்கெத் நட்டு வைத்தார், பதினான்காம் லூயி அதற்குக் கீழ்ப்படியச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கேட்டால் ஓடிப்போகும் இனத்தைச் சேர்ந்த கதை அது. ஆனால் அந்த அரண்மனையில் அரசி முன்னிலையில் முக்காலியில் உட்காரும் உரிமை டியூக்குகளின் மனைவியருக்கே உண்டு, மற்றச் சீமாட்டிகள் நிற்கவேண்டும் என்பது உண்மை. முக்காலிக்கு அங்கே நடந்த போட்டியை, ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கத் தெரிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

ஆக, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டு, கண்டக்டர் கிழிக்கும் டிக்கெட், பெரிய இடத்து விருந்தில் கரண்டி பிடிக்கும் எடிகெட் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மூன்றிலும் எஞ்சி நிற்பது ‘ஒட்டு’ என்னும் பொருளே. எது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கடன் கொடுத்த பிரெஞ்சுக்காரர் நிலைமை இரங்கத்தக்கது. தம் ‘எத்திக்கெத்’தைக் கடைச்சாமானின் விலைச்சீட்டுக்கு வைத்துக்கொண்டு, பயணத்துக்கு உரிய ‘டிக்கெட்’டை ஆங்கிலேயரிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். பாரீஸ் மெட்ரோவில் அச்சொல்தான் ஓடுகிறது. தன் வீட்டுப் பாத்திரத்தையே வாடகைக்கு எடுத்த குடும்பம் என்று இதைச் சொல்லலாம்.

3. புணரியல்

தமிழில் ‘ட’ மொழிமுதலாகாது. ‘ராமன்’ இராமன் ஆனதுபோல, ‘லண்டன்’ இலண்டன் ஆனதுபோல, ‘டிக்கெட்’டுக்கும் தலையில் ஓர் இகரம் சூட்ட வேண்டும். ஈற்றில் உகரமும் சேர்த்தால் கிடைப்பது ‘இடிக்கெட்டு’.

இது தூய்மைவாதிகளின் வறட்டுப் பிடிவாதம் என்று எண்ணுவோர் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். ஆங்கிலேயர் வெட்டி எறிந்த முதல் உயிரைத் தமிழ் இலக்கணம் ஏறக்குறைய அப்படியே மீட்டுக் கொடுத்துவிட்டது. ‘எத்திக்கெத்’துக்கும் ‘இடிக்கெட்டு’க்கும் உள்ள தூரம், எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் உள்ள தூரமே. மேலும், மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் பஸ்ஸில் ஏறுகிறவர் காசு கொடுத்துப் பெறுவது முதன்மையாக இடியே ஆதலின், இது காரணப் பெயருமாம். பிரெஞ்சுக்காரர் கைவிட்டதை, ஆங்கிலேயர் சிதைத்ததை, நன்னூல் விதி ஒன்று செம்மை செய்தது என்பதில் தமிழுலகம் பெருமை கொள்ளலாம். அரசாணை வரும்வரை இக்கட்டுரை ‘டிக்கெட்’ என்ற வழுவமைதியையே கையாளும்.

4. வினையியல்

டிக்கெட் என்னும் பெயர் எந்த வினையோடு சேர்கிறதோ அதற்கேற்ப ஊர் மாறும். பஸ்ஸில் டிக்கெட் ‘எடுப்பர்’. ரயிலுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் ‘போடுவர்’, “தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சா?” என்று ஆடியிலேயே கேட்பது இதன்பாற்படும். தியேட்டர் வாசலில் டிக்கெட் ‘கிழிப்பர்’. ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் டிக்கெட் ‘ரெய்ஸ் பண்ணுவர்’, பின் ‘க்ளோஸ் பண்ணுவர்’. இந்தக் கடைசி வகையில் பயணமும் இல்லை, படமும் இல்லை. கணினிக் கோளாறு ஒன்றே உண்டு. டிக்கெட் மூடப்பட்ட பின்பும் கோளாறு திறந்தே கிடப்பது அவ்வகையின் தனிச்சிறப்பு.

எல்லாவற்றிலும் ஆழமானது ‘வாங்கு’ என்னும் வினை. “பக்கத்து வீட்டுப் பெரியவர் டிக்கெட் வாங்கிட்டார்” என்றால், கேட்டவர் எந்த ஊருக்கு என்று விசாரிப்பதில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்றுதான் விசாரிப்பார். இவ்வழக்கிற்கு மூன்று நுட்ப விதிகளைக் கண்டறிந்துள்ளோம். ஒன்று, இப்பொருள் படர்க்கைக்கே உரியது. “நான் டிக்கெட் வாங்கிவிட்டேன்” என்று எவர் சொன்னாலும் அவர் உயிரோடிருக்கிறார். இரண்டு, முன்னிலையில் இது எதிர்காலம் மட்டும் ஏற்கும். “இப்படியே குடிச்சா சீக்கிரம் டிக்கெட் வாங்கிடுவே” என்பது மருத்துவரின் சொல்லைவிட மனைவியின் வாயில் வலுப்பெறும். மூன்று, ஊர்ப்பெயர் சேர்ந்தால் சாவு நீங்கும். “திருச்சிக்கு டிக்கெட் வாங்கிட்டார்” என்பதில் கவலைப்பட ஏதுமில்லை.

ஆனால் ஓடும் பஸ்ஸில் இவ்விதிகள் குழம்பும் இடம் ஒன்றுண்டு. ஜன்னலோரம் வாய் திறந்தபடி உறங்கும் முதியவரைக் காட்டிக் கண்டக்டர், “பெரியவர் டிக்கெட் வாங்கிட்டாரா?” என்று கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார்.

‘சீட்டு’ என்னும் சொல்லையும் இங்கே ஒப்புநோக்க வேண்டும். பயணச்சீட்டு, சீட்டாட்டம், சீட்டுக் கம்பெனி எல்லாம் இதன் குடும்பம். புலவர்கள் வள்ளல்களுக்குப் பொருள் கேட்டுப் பாடி அனுப்பியதற்குச் சீட்டுக்கவி என்று பெயர். 1919இல் பாரதியாரும் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒன்று அனுப்பியிருக்கிறார். வேலை போனவனுக்குக் ‘கிழிவதும்’ சீட்டே. தேர்தலில் வடநாட்டுக் கட்சிகள் டிக்கெட் தர, நம் கட்சிகள் ‘சீட்’ தருகின்றன. இருக்கை என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சீட்டும் தாள் என்னும் பொருளுள்ள தமிழ்ச் சீட்டும் பேச்சில் இரண்டறக் கலந்துவிட்டதால், “அவருக்குச் சீட்டுக் கிடைக்கல” என்ற ஒரே வாக்கியம் பஸ்ஸுக்கும் சட்டசபைக்கும் பொருந்துகிறது. இரண்டிடத்திலும் நிற்கத்தான் வேண்டும், சட்டசபைக்கானால் சுயேச்சையாக.

5. திணையியல்

இதுவரை சொன்னவை முன்னுரை. கருதுகோளுக்கு நேர்ச்சான்று இனிதான் வருகிறது.

“ரெண்டு டிக்கெட் இறங்குது, ஹோல்டான்!”

ஆசிரியர், அவர் மனைவி என இரு உயர்திணைப் பொருள்கள் இறங்கும்போது கண்டக்டர் எழுப்பிய தொடர் இது. எழுவாய் ‘டிக்கெட்’. பயனிலை ‘இறங்குது’, அஃறிணை. ‘இறங்குகிறார்கள்’ என்று அவர் சொல்லவில்லை. இதைத் திணைவழு என்று தள்ளுவது பண்டிதர் செய்யும் பிழை. எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று பழுதின்றி இயைகின்றன. பஸ்ஸில் ஏறியது டிக்கெட், இறங்குவதும் டிக்கெட். அவற்றோடு கூடவே இரண்டு மனிதர் வந்ததை இலக்கணம் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே.

மனிதரை டிக்கெட்டால் அளக்கும் முறை சமூகமெங்கும் வேரூன்றியது. குழந்தைக்கு ‘அரை டிக்கெட்’ என்று பெயர். அரை டிக்கெட் வயதைத் தாண்டிய பிள்ளை பஸ்ஸில் மட்டும் முழங்காலை மடக்கி நிற்பதும், அம்மா சொல்லிக்கொடுத்த வயதைக் கண்டக்டரிடம் ஒப்பிப்பதும், மறுவாரம் பள்ளியில் சேர்க்கும்போது அதே பிள்ளைக்கு வயது கூடிவிடுவதும் உயிரியலால் விளக்க முடியாதவை. டிக்கெட்டியலால் எளிதில் விளங்கும். டூரிங் டாக்கீஸ் காலத்தில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று ஊரே மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்தது. இன்றும் ஒருவர் ரசனையைக் குறிக்கத் ‘தரை டிக்கெட்’ என்கிறார்கள். தரை போய்விட்டது, டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. டிக்கெட் மட்டும் ஆளின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

6. வரலாற்றியல்

டிக்கெட் யாருக்காகப் பிறந்தது? ‘பயணிக்காக’ என்பது பாமரர் விடை. அச்சிட்ட ரயில் டிக்கெட்டின் வரலாறு வேறு விடை தருகிறது.

தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் மரச்சாமான் செய்யும் தொழில் கற்றவர். கார்லைல் நகரில் நடத்திய வியாபாரம் நொடித்துத் திவாலானார். 1836இல் நியூகாசில்–கார்லைல் ரயில்பாதையில் மில்டன் என்ற சிறு நிலையத்துக்கு அதிகாரியானார். அந்நாளில் குதிரைக் கோச்சு வழக்கப்படி, ஒவ்வொரு பயணிக்கும் குமாஸ்தா கையால் சீட்டு எழுதிக் கொடுப்பார். வரிசை நகராது. அதைவிடப் பெரிய தொல்லை, குமாஸ்தா எத்தனை சீட்டு எழுதினார், எத்தனைக்குக் காசு கட்டினார் என்பதைக் கடவுளும் குமாஸ்தாவும் மட்டுமே அறிவர்.

திவாலானவருக்குக் கணக்கின் அருமை தெரியும். எட்மண்ட்சன் சிறு அட்டைகளில் ஊர்ப்பெயரை முன்கூட்டியே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்தார். நாள் முடிவில் அடுத்து விற்க நிற்கும் அட்டையின் எண்ணைப் பார்த்தால் எத்தனை விற்றது என்பது தெரிந்துவிடும். தேதி குத்த ஓர் இயந்திரமும் செய்தார். அவர் வேலை பார்த்த கம்பெனி அசைந்து கொடுக்கவில்லை; மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. பிறகு, மைலுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் என்று மற்றக் கம்பெனிகளிடம் உரிமைத் தொகை வாங்கினார். இரண்டே கால் அங்குல நீளமுள்ள அந்த அட்டை உலகைச் சுற்றியது. கணினி வரும்வரை நம் நிலையங்களின் கம்பிச் சாளரத்துக்குப் பின்னால் ‘டக்’ என்று தேதி குத்திக் கையில் விழுந்ததும், பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்ததும் அதே அட்டைதான்.

ஆக, அட்டையில் எண் ஏறியது பயணியைச் சந்தேகித்து அல்ல, விற்பவரைச் சந்தேகித்து. பயணி அந்த வழக்கில் வெறும் சாட்சி. நம் கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிரைவருக்குப் பின்னால் நின்று இன்வாய்ஸ் எழுதுவதும் இந்த மரபே. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதும் நாம் பைகளைத் துழாவி நடுங்குகிறோம். அவர் முதலில் கைநீட்டுவது கண்டக்டரின் இன்வாய்ஸுக்கு. நாம் கையில் வைத்திருக்கும் தாள், நாம் பயணம் செய்ததற்கான உரிமை என்பதைவிட, இன்னொருவர் யோக்கியர் என்பதற்கான நற்சான்றிதழ்.

7. கடனியல்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடனுக்குச் சாமான் வாங்கினால், தொகையை ஒரு சீட்டில் குறித்துக்கொள்வார்கள். அதனால் கடனுக்கு வாங்குவதை ‘ஆன் டிக்’ என்று பேசத் தொடங்கினர். டிக்கெட்டின் வால் அறுந்த வடிவமே அந்த டிக். சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. செயல்முறை அங்கே அழிந்துவிட்டது.

அழிந்த அச்செயல்முறை தமிழ்நாட்டுப் பஸ்களில் வாழ்கிறது. எட்டு ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கண்டக்டர் ஒரு பார்வை பார்த்து, டிக்கெட்டின் முதுகில் ‘92’ என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துக் கொடுக்கிறார். இதனால் முன்பக்கத்தில் பயணி போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். பின்பக்கத்தில் கழகம் பயணிக்குக் கடன்பட்டது. ஒரே தாளின் இருபுறமும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் இந்நிலையை உலக நிதி அமைப்புகள் இன்னும் கவனிக்கவில்லை. தன் நிறுத்தம் வந்தும் பயணி இறங்காமல் படியருகே கண்டக்டரையே பார்த்துக்கொண்டு நிற்பது ஏன்? அவரைப் பிடித்து நிறுத்தியிருப்பது கம்பியன்று, டிக்கெட்.

8. மறுப்பும் விடையும்

மறுப்பு ஒன்று: ‘டிக்கெட் மேலைநாட்டுச் சரக்கு, தமிழர் வரலாற்றில் அதற்கு இடமில்லை.’

விடை: பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உத்திரமேரூரில் ஊராட்சி வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு ஓலை கிடையாது. அவர் உறவினருக்கும் கிடையாது. இந்தக் குடவோலையை ஆங்கிலத்தில் பெயர்த்த கல்வெட்டறிஞர்கள் இட்ட சொல் ‘பாட் டிக்கெட்’, அதாவது பானை டிக்கெட். அமெரிக்கக் கட்சிகள் தம் வேட்பாளர் பெயரை அச்சிட்டு ‘டிக்கெட்’ என்று விநியோகித்தது 19ஆம் நூற்றாண்டில். நாம் சுமார் தொள்ளாயிரம் ஆண்டு முந்திவிட்டோம். உறவினருக்குச் சீட்டில்லை என்ற விதியை நாம் எந்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டோம் என்பது தனி ஆய்வுக்குரியது.

மறுப்பு இரண்டு: ‘டிக்கெட் என்பது பயணத்துக்கான விலை, அவ்வளவுதான்.’

விடை: பயணத்துக்கான விலை என்றால், பிளாட்பாரம் டிக்கெட் எதற்கு? பயணம் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுவதற்காக ஒருவர் பத்து ரூபாய் கொடுக்கிறார். அந்த உறுதிக்கும் இரண்டு மணி நேரம்தான் ஆயுள். சரி, விலை என்றாவது கொள்ளலாமா? 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். காசு வேண்டாம் என்று அரசு சொன்னது. டிக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டக்டர் கூட்டத்தில் நீந்திவந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார். “காசுதான் இல்லையே, டிக்கெட் எதுக்குப்பா?” என்று கேட்கும் அக்காவுக்கு, “கணக்குக் காட்டணும்மா” என்பதே அவர் விடை. டிக்கெட்டிலிருந்து பயணத்தைக் கழிக்கலாம். பிளாட்பாரம் டிக்கெட் மிஞ்சும். காசைக் கழிக்கலாம், கட்டணமில்லாச் சீட்டு மிஞ்சும். கணக்கைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. எட்மண்ட்சனின் ஆவி இதைக் கண்டு மகிழும்.

மறுப்பு மூன்று: ‘எல்லாம் செல்பேசிக்குள் வந்துவிட்டது, தாளே இல்லாதபோது ஒட்டுவது ஏது?’

விடை: தாள் இருந்தபோது பயணி அதைப் பையில் போட்டுவிட்டு உறங்கினார். இப்போது பேட்டரி இரண்டு சதவீதத்துக்கு இறங்கிய போனை ஏந்திக்கொண்டு, டி.டி.ஆர். எந்தப் பெட்டியில் வருகிறார் என்று பார்த்தபடி விழித்திருக்கிறார். ஒட்டு முன்னிலும் இறுகியிருக்கிறது.

9. இன்மையியல்

டிக்கெட்டிலிருந்து தப்பிய மனிதர் உண்டா என்பது கடைசி வினா. உண்டு, தமிழ் அவருக்குத் தனிச்சொல்லே படைத்திருக்கிறது. “மதுரையிலிருந்து வித்தவுட்ல வந்தான்” என்கிறோம். எது இல்லாமல் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எதையேனும் பற்றிக்கொண்டே நிற்கவேண்டிய அந்த இடைச்சொல்லைத் தமிழ் தனிப்பெயராக்கி, வேற்றுமை உருபும் சேர்த்து நிறுத்திவிட்டது. சோறில்லாமல், துணியில்லாமல், மானமில்லாமல் வருவோரெல்லாம் இருக்க, வித்தவுட் என்றால் டிக்கெட் இல்லாதது ஒன்றுதான். உலகில் இல்லாமற்போகத் தக்க பொருள் டிக்கெட் ஒன்றே என்பது இவ்வழக்கின் துணிபு.

வித்தவுட்டில் வருபவர் ஒருவரே கணக்கில் ஏறாதவர், எந்தத் தாளிலும் ஒட்டாதவர், இலக்கணப்படி இன்னும் உயர்திணையில் இருப்பவர். அந்நிலை டி.டி.ஆர். வரும்வரை நீடிக்கும். அவர் வந்து, கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் வாங்கிக்கொண்டு, வரிசை எண்ணிட்ட ரசீது ஒன்றைக் கிழித்து நீட்டுவார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் சொல்வார். அடுத்த நிலையத்தில் வேறொருவர் கேட்கக்கூடும்.